பீஎஸ்ஸி பீவியும் நஸீறாவும்

மாப்பிள்ளையின் தாய் றஹீமா தேத்தண்ணிக் கோப்பையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்துவிட்டு, குடிக்காமலே கீழே வைத்தாள். பக்கத்தில் இருந்த அவளுடைய தங்கச்சியும் வைத்தாள். பெண் பார்க்க வந்த பொண்டுகள் எல்லோரும் தங்கள் கோப்பைகளைச் சீனவெடியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவோரத்தில் நின்ற நஸீறாவுக்கு உடனே விளங்கிவிட்டது. போன வெள்ளிக்கிழமை வானொலி நாடகத்தில் பீஎஸ்ஸி பீவி தேத்தண்ணிக்குள் சீனியென்று உப்பைப் போட்டிருந்தாள்.

அந்த எண்பத்திரண்டாம் ஆண்டில் கல்முனைப் பக்கத்தில் பீவியைத் தெரியாத வீடு இல்லை. கம்பஸ் படிப்பு முடித்து ஊருக்குத் திரும்பிய பெண் அவள். மூக்கில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே வீடெல்லாம் கண்ணாடி தேடுவாள். மீன்காரனோடு இங்கிலீசு பேசுவாள். சோறு கரிந்து ஊரே மணத்தாலும் புத்தகத்தை விட்டுத் தலை நிமிரமாட்டாள். தொடக்கத்தில் நஸீறாவும் விழுந்து விழுந்து சிரித்தவள்தான். பிறகு தெருப் பிள்ளைகள் அவளையே “பீவி தாத்தா” என்று, அக்கா முறை வைத்துக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒருநாள் அவள் கையிலிருந்து ஒரு கோப்பை தவறியபோது, பெற்ற உம்மாவே “பீவி!” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பேராதனைக் கம்பஸ் விடுதியில் ஒளித்துவைத்த ஹீற்றரில் அறைத் தோழிகளுக்கெல்லாம் நெய்ச்சோறு ஆக்கிப்போட்டவள் நஸீறா. அதை எந்த நாடகக்காரன் கண்டான்?

மற்ற நாளென்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் இந்தச் சம்பந்தம் கைநழுவுவதை அவள் விரும்பவில்லை. தூரத்துப் பொத்துவிலில் சயன்ஸ் படிப்பிக்க அவளுக்கு நியமனம் வந்திருந்தது. முன்பு வந்தவர்களெல்லாம் பொத்துவில் என்ற பேரைக் கேட்டதும் கழன்றுகொண்டார்கள். இந்தச் சாய்ந்தமருது மாப்பிள்ளை அதாவுல்லா மாஸ்டர் மட்டும், “போகட்டும், பஸ் ஓடுதுதானே” என்று சொல்லியனுப்பியிருந்தார். ஆளைக் காணாமலே அந்த ஒரு வார்த்தையை அவள் மனதுக்குள் வைத்துப் பலமுறை கேட்டுப் பார்த்திருந்தாள்.

“குடிங்க மாமி, சீனிதான்,” என்றாள்.

பெண் முதலில் வாய் திறப்பதா என்று உம்மா கண்ணால் அதட்டினாள். றஹீமா வெட்கத்தோடு சிரித்தாள்.

“கோவிக்காத மகள். அந்த நாடகம் ஆரு எழுதுற? என்ட மகன்தான், வேற பேர்ல எழுதுறான். படிச்ச பொண்டுகள் இப்பிடித்தான் எண்டு அவன் எழுதக்குள்ள, பெத்த தாய் நான் நம்பாம இரிக்கேலுமா?”

நஸீறாவுக்குக் காது சூடாகியது. அந்த நல்ல வார்த்தையும் இந்த உப்புத் தேத்தண்ணியும் ஒரே ஆளிடமிருந்தா வந்தன?

“உங்கட மகன் எத்தின பட்டதாரிப் பொம்புளயக் கண்டிரிக்கார் மாமி?”

றஹீமா யோசித்துப் பார்த்தாள். “ஒண்டும் இல்ல புள்ள. நீதான் மொதல்.”

“இவளயும் இன்னும் காணல்லியே கா!” என்றாள் தங்கச்சிக்காரி.

கூடம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. அந்தச் சிரிப்போடு றஹீமா கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். “சீனி கொஞ்சம் கூடிப்போச்சி மகள்,” என்று கண்ணடித்தாள்.

“அவர் எங்க மாமி?”

“தெருக் கேற்றடியில, கார்ல இரிக்கான்.”

“விறாந்தைக்கு வரச் சொல்லுங்க. நான் கதவுத் திரைக்கு இஞ்சால நிண்டு ஒரு கேள்வி கேக்கணும்.”

“யா அல்லாஹ்! பொண்ணு மாப்பிளயக் கூப்பிட்டு விசாரிக்கிறதா?” என்றாள் உம்மா.

விறாந்தையிலிருந்து நஸீறாவைப் பெற்ற வாப்பா கனைத்தார். “கேக்கட்டுமே. கேள்விதானே.”

திரைக்குக் கீழே, மண் ஒட்டிய இரண்டு வெறுங்கால்கள் வந்து நின்றன. ஒன்று மற்றதன்மேல் ஏறப் பார்த்து, பிறகு இறங்கியது.

“பீவிய ஏன் அப்பிடி எழுதுறீங்க?”

“சனம் சிரிக்கிது,” என்றது ஒரு மெல்லிய குரல்.

“சனம் சிரிக்கட்டும். அவ ஒருக்காவாவது சிரிச்சாவா?”

கூடத்துப் பொண்டுகள், வானொலிப் பெட்டிக்குக் கிட்ட இருப்பதுபோல், தலையைச் சாய்த்து முன்னுக்கு நகர்ந்தார்கள்.

“இல்ல,” என்றார் அதாவுல்லா. “எனக்கு அவட வீட்டுக்குள்ள போகத் தெரியல்ல. வாசல்ல நிண்டுக்கிட்டுத்தான் எழுதுறன்.”

நஸீறா கையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பா, வேறேதுமா என்று அவளுக்கே தெரியவில்லை.

“வார வெள்ளிக்கு இன்னும் எழுதல்ல,” அவர் தயங்கிச் சொன்னார். “காலையில எழும்பினா அவ மொதல்ல என்ன செய்வா? நீங்க... சொல்லுவீங்களா?”

உம்மா தலையில் கை வைத்தாள். றஹீமாவோ தங்கச்சியின் துடையில் கிள்ளி, “சத்தம் போடாத, கேப்பம்,” என்றாள்.

நஸீறா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சுவரோரம் கிடந்த நீள மரவாங்கைத் திரைக்குக் கிட்ட இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “நிறைய இரிக்கி,” என்றாள். “நிண்டுக்கிட்டுக் கேட்டு முடியாது.”

வெளியே ஏதோ தரையில் உரசியது. திரைக்குக் கீழே, அந்த மண் ஒட்டிய கால்களுக்குப் பின்னால், வாப்பா அதுவரை உட்கார்ந்திருந்த கதிரையின் நான்கு கால்கள் மெல்ல வந்து நின்றன.