குடும்ப ஓட்டம்

"நெடுந்தூர ஓட்ட வரலாற்றின் ஒளிவிளக்கு ஒன்று நேற்று உழவர்கரையில் அணைந்துவிட்டது என்பதை உலக நாடுகளுக்கு அறிவித்துக்கொள்கிறோம்!"

மைக்கைப் பிடித்திருந்தவர் மூத்தோர் ஓட்டப் பேரவையின் தலைவர். உலக நாடுகள் அப்போது சாமியானாவுக்குக் கீழே முப்பது பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து தண்ணீர் பாக்கெட்டின் மூலையைக் கடித்துக்கொண்டிருந்தன. ஒளிவிளக்காகிய அரிகிருஷ்ணன், பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், தாடைக்கட்டோடு ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். முந்தின நாள் காலை பேரவை நடத்திய பத்து கிலோமீட்டர் குடும்ப ஓட்டத்தை முடித்து, மெடலோடு வீட்டுக்கு வந்து, குளித்துச் சாப்பிட்டுப் படுத்தவர், காபிக்கு எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை.

கூடவே ஓடிய மகள் கலைமகள், பெண்கள் கூட்டத்தின் கடைசி வரிசையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் அவளுக்கு இடமில்லை. அண்ணன் செல்வகுமார் காலையிலேயே தீர்ப்பு எழுதிவிட்டான்.

"எட்டு வருஷமா இந்த வாசப்படிய மிதிக்காதவ. ஒரே நாளு கூட ஓடுனா. ஆள முடிச்சிட்டா."

"நான் கேக்கலண்ணா. அப்பாதான் கூப்புட்டாரு."

"கூப்புட்டா? சுகர் இருக்கற மனுஷன பத்து கிலோமீட்டர் ஓட வுட்டுட்டுக் கூடவே போவியா? போதும்னு நிறுத்த வாய் இல்ல உனக்கு?"



தெருவில், வேப்பமரத்தடியில், அவள் புருஷன் வடிவேல் மஞ்சள் பையோடு நின்றிருந்தான். பைக்குள் கோடி வேட்டி. மாப்பிள்ளை வீட்டுக் கோடி போட்ட பிறகுதான் உடம்பை எடுப்பது என்பது முறை. பிள்ளைச்சாவடி மீன்காரர் வீட்டுப் பையன் மாப்பிள்ளையே கிடையாது என்பது செல்வகுமார் கொண்டுவந்த சட்டத் திருத்தம்.

"அந்த ஊட்டுக் கோடி எங்கப்பா மேல வுழாது. மாப்ளன்னு அவர் வாயால ஒரு வாட்டி சொல்லியிருப்பாரா? சொல்லு, பாக்கலாம்."

சொல்லியிருந்தார். நேற்றுக் காலைதான் சொன்னார். ஆனால் என்ன சொன்னார் என்று சொன்னால், எங்கே சொன்னார் என்றும் சொல்ல வேண்டிவரும். அங்கேதான் சிக்கல்.

குடும்ப ஓட்டத்தின் விதி எளியது. அறுபது தாண்டிய ஒருவர், அவருடைய ரத்த உறவு ஒருவர், இருவரும் சேர்ந்தே ஓடிச் சேர்ந்தே முடிக்க வேண்டும். செல்வகுமாருக்கு டூட்டி. ஆகவே எட்டு வருஷம் கழித்துக் கலைமகளின் செல்போன் அடித்தது.

"ஓட வரியா?"

"எங்கப்பா?"

"பீச்சாண்ட. பனியன் சும்மா தராங்கோ."

அவ்வளவுதான். எட்டு வருஷச் சண்டைக்கு இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட சமாதான ஒப்பந்தம் அது.

சிறப்பு விருந்தினர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து, கொடியசைத்து, தானும் ஓடுவதுபோல் போட்டோவுக்கு நின்று, காரில் ஏறிப் போனார். அதன்பின் ஓட்டம் தொடங்கியது. மூன்றாவது கிலோமீட்டரில் அரிகிருஷ்ணனின் மூச்சு குக்கர் மாதிரி சத்தம் போட்டது. பாண்டிச்சேரியின் நடுப்பகுதியோ வெள்ளைக்காரன் கோடு கிழித்துக் கட்டியது. ஒரு தெருவில் போய், ஊரைச் சுற்றி, அடுத்த தெருவில் திரும்ப வேண்டும். இரண்டு தெருவையும் இணைக்க நடுவில் ஒரு குறுக்குத் தெரு. குறுக்குத் தெருவில் ஒரு டீக்கடை. கடையில் அப்போதுதான் வாழைக்காய் பஜ்ஜி எண்ணெயில் இறங்கியிருந்தது.

அரிகிருஷ்ணன் முன்னால் பார்த்தார். பின்னால் பார்த்தார். திரும்பினார்.

"அப்பா, ரூட்டு அது இல்ல."

"தெரியும், வா. மில்லுல முப்பது வருஷம் ஷிப்டுக்கு ஓடியாச்சி. இன்னும் ஓடி இன்னா ஆவப்போவுது?"

பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வீட்டில் அவருக்கு எண்ணெய்ப் பலகாரம் நின்று பல வருஷம். சட்னியில் தோய்த்துத் தோய்த்து, கண்ணை மூடித் தின்றார்.

"அம்மாகிட்ட சொல்லாத."

"சரிப்பா. போலாமா?"

"இருடி. மத்தவன் கொஞ்ச பேரு போவட்டும். மொதல்ல போயி நின்னா மாட்டிக்குவோம்."

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்திருக்கும்போது கடைக்காரரிடம் சொன்னார்.

"இன்னொரு பிளேட் கட்டுப்பா, சட்னியோட. மாப்ளைக்கு."

கலைமகள் காலி டீ கிளாஸையே பார்த்தாள். அவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. பொட்டலத்தைப் பனியனுக்குள் செருகி, வயிற்றோடு அழுத்திப் பிடித்தபடி கடைசித் தெருவில் ஓடினார். வயிற்று வலியோடு ஓடுகிறார் பெரியவர் என்று ஜனங்கள் கைதட்டினார்கள். கோட்டைத் தாண்டியதும் பேரவைத் தலைவர் பாய்ந்து வந்து இறுகக் கட்டிப்பிடித்தார்.

இப்போது அதே தலைவர் மைக்கில் கேட்டார்: "அமரர் அணிந்து ஓடிய அந்தப் பனியனை அவர் உடல்மீது போர்த்தப் பேரவை கடமைப்பட்டுள்ளது."

"அம்மா, பனியன் எங்க?" என்றான் செல்வகுமார்.

குஞ்சம்மாள் பெட்டியை விட்டு எழுந்தாள். பெண்களைத் தாண்டிக் கடைசி வரிசைக்கு வந்தாள். "எழுந்து வாடி" என்று மகளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

பனியன் குளியலறைக் கொடியில், துவைக்காமல், அவர் கழற்றிப் போட்டபடியே கிடந்தது. நம்பருக்குக் கீழே, வயிற்றுப் பக்கம், உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. குஞ்சம்மாள் அதை மூக்கருகே கொண்டுபோனாள். நாற்பது வருஷம் அவர் துணியைத் துவைத்தவளுக்கு வேறு பரிசோதனை தேவைப்படவில்லை.

"எந்தக் கட?"

கலைமகள் குளியலறைக் கதவைச் சாத்தினாள்.

"சொல்லுடி. ஓடுனாரா, துன்னாரா?"

"ரெண்டுந்தான்."

"துன்னா நெஞ்சுல ஒழுவும். இது இன்னா வவுத்துல?"

"பார்சல உள்ள வச்சிகினு ஓடுனாரு."

"யாருக்குப் பார்சலு?"

வெளியே மைக் கீச்சென்று கத்தி அடங்கியது.

"அவருக்கு. மாப்ளைக்கு ஒரு பிளேட் கட்டுன்னு கடக்காரர்கிட்ட சொன்னாரும்மா. அவர் வாயாலயே."

குஞ்சம்மாள் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்தாள். அவள் முகம் அழுகைக்குப் போகிற வழியில் வேறெங்கோ நின்றது.

"துன்னாரா உன் ஊட்டுக்காரு?"

"சட்னி இல்லியான்னு கேட்டுட்டுத் துன்னாரு."

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "செல்வத்துக்குத் தெரிய வாணாம். அவங்கப்பன் பத்து கிலோமீட்டர் ஓடுனதாவே இருக்கட்டும். கூப்ட்டப்ப போவலையேன்னு அவனே வெந்துகினு இருக்கறான்."

பனியனைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தவள், பெட்டிப் பக்கம் போகாமல் வாசலுக்குப் போனாள்.

"இன்னா மாப்ள, அங்கயே நிக்கற? உள்ள வந்து கோடியப் போடு."

சாமியானாவில் எல்லாத் தலைகளும் வாசல் பக்கம் திரும்பின.

"அம்மா! அப்பா இவன எப்பவுமே—"

"சொல்லிட்டாரு."

"எப்போ?"

"சொல்லிட்டாருடா. எனக்குத் தெரியும். உன் தங்கச்சியையும் ஒண்ணும் சொல்லாத. ஓடுனதால ஒண்ணும் சாவல. மனசு ரொம்பித் தூங்குனாரு, அவ்ளோதான்."

செல்வகுமார் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். வழிவிட்டு நகர்ந்தான். வடிவேல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். பெட்டியின் மூடியைத் திறந்தார்கள். அவன் கோடியை விரித்துப் போர்த்தினான். கலைமகள் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.

தலைவர் பனியனை வாங்கிக்கொண்டார். உடனே போர்த்திவிட அவர் என்ன சாமானியரா? இரண்டு கையாலும் கூட்டத்துக்கு உயர்த்திக் காட்டினார்.

"பாருங்கள், இந்தக் கறையைப் பாருங்கள்! பத்து கிலோமீட்டரின் ஒவ்வொரு மீட்டருக்கும் இந்த மாமனிதர் சிந்திய வியர்வையும் ரத்தமும் கலந்த கறை இது! வருங்கால ஓட்ட வீரர்கள் தொட்டு வணங்க வேண்டிய கறை இது!"

கூட்டத்தில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். செல்வகுமார் வாய்விட்டு அழுதான். வடிவேல் பனியனையே பார்த்துக்கொண்டிருந்தான். கலைமகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா பெட்டியைப் பார்த்தாள்.

அது காரச் சட்னி.