டிரைவ்வே கிங்ஸின் கடைசிப் பயணங்கள்

என் மனைவி துர்க்கா, தான் வாசிக்கும் இசை பான்ட் கடைசிப் பயணம் போகப்போகிறது என்ற செய்தியை எங்கள் மகளின் கைபேசியில்தான் பார்த்தாள்.

சனிக்கிழமைக் காலை. ரொறொன்ரோவுக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் எங்கள் வீட்டுக் குசினியில் நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். பதினான்கு வயது துவாரகா மேசையில் இருந்தபடியே கைபேசியைத் தாயின் பக்கம் திருப்பினாள்.

"அம்மா, டிட் யூ நோ? நீங்கள் திரும்பவும் ஃபேர்வெல் ரூர் போறீங்களாம்."

துர்க்கா வாங்கிப் பார்த்தாள். அவளுடைய தலைமயிர் ஊதா நிறத்தில் இருந்த காலத்துப் படம். அதன் கீழே, 'இறுதிப் பயணம், இம்முறை மெய்யாகவே' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பஃபலோவில் தொடங்கி அமெரிக்க ஊர்கள் வரிசையாக இருந்தன. முடிவு ரொறொன்ரோவில், பார்க்டேலில்.

"உவனுக்கு விசரே?" என்றாள்.

உவன் என்றது டெறிக்கை. டிரைவ்வே கிங்ஸின் பாடகன். பஃபலோவுக்குப் பக்கத்தில் தகப்பன் வீட்டுக் கராஜில் அந்த பான்டைத் தொடங்கியவன். பொப் பங்க் என்பார்கள். வேகமான கிற்றார், மூக்கால் பாடும் குரல், இந்த ஊரைவிட்டு ஓடிவிடவேண்டும் என்று பதினேழு வயதுக்காரர் கத்தும் பாட்டுகள். டெறிக்குக்கு இப்போது நாற்பத்தைந்து. இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறான்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பார்க்டேலில் வளர்ந்த ஒரு பெட்டை அமெரிக்க பான்டில் எப்படிச் சேர்ந்தாள் என்று எல்லோரும் கேட்பார்கள். பெரிய கதை ஒன்றுமில்லை. அவள் பள்ளிக்கூடம் முடித்த வருடம் டிரைவ்வே கிங்ஸ் பார்க்டேலில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வாசிக்க வந்தார்கள். அவர்களுடைய பேஸ் கிற்றார்காரனை எல்லையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். துர்க்கா முன்வரிசையில் நின்று, "எனக்கு உங்கட பாட்டு எல்லாம் தெரியும்" என்றாள். மரக்கறிக் கடையில் வேலை முடிந்து வந்தவள், கடைச் சட்டையோடேயே மேடையேறினாள். அடுத்த கிழமை அவளைப் பஃபலோவுக்கு வரச்சொல்லிவிட்டார்கள்.

அவளுடைய அப்பா இராஜரட்ணம் அதற்கு இரண்டே இரண்டு கேள்விதான் கேட்டாராம். "என்னத்தில போறியள்?"

"அவையின்ர வானில, அப்பா."

"என்ன நிறம்?"

வெள்ளை. அவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். ஊரில் ஆள் கடத்தும் வெள்ளை வான் வந்தால் வீட்டில் ஒருவர் குறைவார் என்பது டெறிக்குக்கு எப்படித் தெரியும்? துர்க்கா விளங்கப்படுத்தினாள். அடுத்த முறை அவன் வந்தபோது வான் பச்சையாக இருந்தது. வீட்டுச் சுவருக்கு அடிக்கும் பெயின்றைத் தூரிகையால் பூசியிருந்தான். கண்ணாடியிலும் பாதிப் பச்சை. டெறிக்கை முழுதாக வெறுக்க முடியாமல் போவது இப்படியான காரியங்களால்தான். அது இன்னும் எரிச்சல்.

அவர்களுக்கு ஒரு பாட்டு ஓடியது. ஊரைவிட்டுப் போய்விட்ட பெட்டை ஒருத்தியின் வீட்டு வாசலில் ஒருவன் இன்னும் பனி வழித்துக்கொண்டிருக்கிறான் என்ற பாட்டு. அந்தக் கோடை முழுக்க வானொலியில் அதுதான். பனிப் பாட்டைக் கோடையில் ஓடவைத்தது டிரைவ்வே கிங்ஸ்தான் என்று டெறிக் இன்னும் பெருமையடிப்பான். அதன்பிறகு பெரிய விழாக்கள், பச்சை வானில் மாதக்கணக்கான பயணங்கள், இரண்டாவது ஆல்பம், மூன்றாவது ஆல்பம். பிறகு பாட்டுக் கம்பனி கைவிட்டது. பிறகு ஒருநாள் கிளீவ்லாண்டில், நிகழ்ச்சிக்கு நடுவில், டெறிக் ஒலிவாங்கியில் சொன்னான்: "இதுதான் எங்கட கடைசி நிகழ்ச்சி."

டிறம்ஸ்காரன் தடியைக் கீழே போட்டுவிட்டான். பக்கத்தில் நின்ற துர்க்காவுக்கும் அப்போதுதான் தெரியும்.

டெறிக் பேசுவது ஆங்கிலம்தான். ஆனால் எங்கள் வீட்டில் அவன் கதையைத் திருப்பிச் சொல்லும்போது அவனும் யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசுவான். அந்தப் பழக்கத்தை இனி மாற்ற முடியாது.

அதற்கடுத்த வருடம் நான் துர்க்காவைக் கல்யாணம் செய்தேன். ஓய்வு பெற்ற பாட்டுக்காரியைக் கட்டுகிறேன் என்று நினைத்தேன். அவள் படித்து, பல் வைத்தியர் ஒருவரிடம் பல் சுத்தம் செய்யும் வேலையில் சேர்ந்தாள். ஒருமுறை வாயைத் திறந்தபடி கிடந்த ஒரு மனிதர் அவளை அடையாளம் கண்டு, பேச முடியாமல், கையால் கிற்றார் வாசித்துக் காட்டினாராம். அவ்வளவோடு அந்தக் காலம் முடிந்தது என்றிருந்தேன்.

முடியவில்லை. துவாரகா நடக்கப் பழகிய காலத்தில் டெறிக் ஒரு வானொலிப் பேட்டியில் பான்ட் திரும்பி வருகிறது என்று அறிவித்தான். யாரையும் கேட்கவில்லை. ஒரு ஆல்பம், ஒரு பயணம், ஒரு பிரியாவிடை. மூன்று வருடம் கழித்து மறுபடி வந்தார்கள், மறுபடி பிரியாவிடை. கோவிட் முடிந்ததும் 'ஒழுங்காக விடைபெறவில்லை' என்று இன்னொன்று. ஒருமுறை நாங்கள் யாழ்ப்பாணம் போக எடுத்த ரிக்கற்றை மாற்றினோம். ஒருமுறை பிள்ளையின் பிறந்தநாளுக்கு துர்க்கா பிற்ஸ்பேர்க்கில் நின்றாள். ஒவ்வொரு முறையும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "போட்டு வாரும்" என்றேன்.

அன்று காலை அவள் தோசையைத் தொடாமல் டெறிக்குக்குப் போன் அடித்தாள்.

"டெறிக், எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னனான் எண்டு நினைச்சன்."

"நீ நினைக்கிறது எனக்குக் கேக்காது!"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"உது உண்மையில கடைசியோ?"

"உண்மையில."

"சத்தியம் பண்ணு."

செத்துப்போன தகப்பன் மேல் சத்தியம் செய்தான். துர்க்கா சரி என்றாள்.

நான் அடுப்பை நிறுத்தினேன். "நீர் ஏன் ஓம் எண்டனீர்?"

"அந்தப் பாட்டுகளில அரைவாசி நான் எழுதினது. ஒருக்காவாவது ஒழுங்கா முடிக்கோணும். அதோட, பார்க்டேலில வருது. அப்பா ஒருநாளும் வந்து பாக்கேல்லை."

ஒத்திகைக்கென்று டெறிக் வந்து ஒரு கிழமை எங்கள் வீட்டில் நின்றான். என் காரை நிறுத்தும் இடத்தில் தன் வானை நிறுத்தினான். துர்க்காவின் அம்மா எங்களுக்கென்று இடித்துத் தந்த சம்பல் முழுவதையும் பாணோடு தின்று முடித்தான். கராஜில் அவர்கள் வாசிக்கத் தொடங்கியதும் பக்கத்து வீட்டுக்காரர் வந்து மணியடிப்பார். நான் போய் மன்னிப்புக் கேட்பேன். உள்ளே டெறிக், உச்சத்துக்கு வரும் இடங்களில் குரல் உடைந்து, தூசி என்று சாட்டுச் சொல்வான்.

"தூசி இல்லை, வயசு. சுருதியைக் கீழ இறக்குவம்" என்றாள் துர்க்கா.

"அப்பிடிப் பாடினா அது வேற பாட்டாப் போயிரும்."

"இப்பவும் அது வேற பாட்டுத்தான், டெறிக்."

ஒரு மத்தியானம் நானும் அவனும் தனியாகப் படியில் இருந்தோம். நான் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "நீ ஏன் எப்பவும் கடைசி, கடைசி எண்டு சொல்லுறாய்?"

அவன் சப்பாத்துக் கயிற்றைப் பார்த்தபடி சொன்னான். "போன வருஷம் பஃபலோவில சும்மா ஒரு நிகழ்ச்சி செய்தன். கடைசி எண்டு சொல்லேல்லை. ஆக்களே வரேல்லை, ராகுல். பார் துடைக்கிற பெடியன்தான் கைதட்டினான்."

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பாவத்தை என் மனைவி ஏன் சுமக்கவேண்டும் என்றும் இருந்தது.

அமெரிக்க ஊர்களெல்லாம் முடிந்து, பார்க்டேல் நிகழ்ச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். நாற்பது வயதுக்காரர்கள் காதுகளை மூடிய பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். மாமா இராஜரட்ணத்தை மேல்மாடத்தில் ஒரு கதிரையில் இருத்தி, காதுக்குப் பஞ்சு கொடுத்தேன். "வேண்டாம் தம்பி, அவள் வாசிக்கிறது கேக்கோணும்" என்று திருப்பித் தந்தார்.

நான் எரிச்சலோடுதான் போயிருந்தேன். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும், அன்று அவர்கள் நன்றாக வாசித்தார்கள். பாட்டுகளின் சுருதியை இறக்கியிருந்தார்கள். டெறிக்கின் குரலில் அவன் வயது தெரிந்தது. அது பாட்டுக்குப் பொருந்தியும் இருந்தது. துர்க்கா கால்களை அகட்டி நின்று, தலையைக் குனிந்து, பேஸை நிலத்தில் ஊன்றுவதுபோல வாசித்தாள். மாமா அவளை விட்டு வேறு யாரையும் பார்க்கவில்லை. "உவள் எப்ப உப்பிடிப் பழகினவள்?" என்று என்னைக் கேட்டார். இருபத்துநாலு வருடத்துக்குப் பிறகு கேட்கிறார்.

கடைசியாகப் பனிப் பாட்டு. நடுவில் ஒரு இடத்தில் கிற்றார் அடங்கி, பேஸும் டிறம்ஸும் மட்டும் போகும். டெறிக் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தான். அவன் முகத்தைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது.

"என்னால ஏலாது," என்றான். "உங்களை விட்டிட்டு எங்களால இருக்க ஏலாது. அடுத்த வருஷம் முதல் ஆல்பத்துக்கு இருபத்தைந்து வயசு. நாங்கள் திரும்பி வருவம்!"

மண்டபம் அதிர்ந்தது. துர்க்காவின் கை நின்றது. பேஸ் நின்றதும் பாட்டுக்குத் தரையே இல்லாமல் போனது. டிறம்ஸும் தடுமாறி ஓய்ந்தது. அவள் நடந்துபோய் அவனுடைய ஒலிவாங்கியை வாங்கினாள்.

"அவர் வருவார். நான் வரமாட்டன். எனக்கு இதுதான் கடைசி. இவ்வளவு காலமும் வந்ததுக்கு நன்றி."

கூட்டம் சிரித்தது. நல்ல பகிடி கேட்டதுபோலச் சிரித்தது. "அடுத்த வருஷம் சந்திப்பம், துர்க்கா!" என்று ஒருவர் கத்தினார். டெறிக்கும் சிரித்துக்கொண்டே அவள் தோளில் தட்டினான். அவள் ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு தன் இடத்துக்குத் திரும்பிப் போய், பாட்டை முடித்துக் கொடுத்தாள்.

காரில் மாமா முன்னால் இருந்தார். டொன்வலிப் பெருந்தெருவில் ஏறியபிறகுதான் வாயைத் திறந்தார். "அப்ப பிள்ளை, முடிஞ்சுதோ, முடியேல்லையோ?"

துர்க்கா பின்னால் இருந்து வெடித்தாள். "முடிஞ்சுது அப்பா! முடிஞ்சுது எண்டுதானே சொன்னன்! ஒருத்தரும் நம்பேல்லை. அவன் பொய்யாச் சொல்லிச் சொல்லி, நான் உண்மையாச் சொன்னதும் பகிடியாப் போட்டுது." பிறகு அழுதாள். துவாரகா தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐ பிலீவ் யூ, அம்மா" என்றாள். நான் வீதியைப் பார்த்து ஓட்டினேன். எனக்கு வந்த கோபத்தில் ஏதாவது பேசினால் பிழையாகப் போயிருக்கும்.

அன்றிரவும் எங்கள் வீட்டிலேயே தங்கிய டெறிக், அடுத்தநாள் காலை எங்கள் குசினியில் கோப்பி போட்டுக்கொண்டு நின்றான், ஒன்றும் நடக்காதவன் மாதிரி. துர்க்கா அவன் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டாள்.

"நேற்று சொன்னது பகிடி இல்லை."

"கோவத்தில சொன்னனி எண்டு நினைச்சன்."

"கோவம்தான். உண்மையும்தான்."

"தகப்பன் மேல சத்தியம் பண்ணினனான், தெரியும். ஆனா அந்தச் சனத்தைப் பாத்த உடன..."

"நீ பாத்தது சனத்தை. பக்கத்தில நிண்ட என்னை ஒருநாளும் பாக்கேல்லை. கிளீவ்லாண்டிலயும் பாக்கேல்லை, வானொலியில சொல்லேக்கையும் நினைக்கேல்லை. நீ தொடர்ந்து செய், டெறிக். உனக்கு அது வேணும். நான் மறிக்கேல்லை. ஆனா என்னைக் கேக்காம இனி 'நாங்கள்' எண்டு சொல்லாத."

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "சனத்துக்கு நான் என்ன சொல்லுறது?"

"அவள் விலகிட்டாள் எண்டு சொல்லு. ஒரு வசனம். நீ மேடையில எவ்வளவு கதைக்கிறனி!"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ சொல்லு. நான் பக்கத்தில நிக்கிறன்" என்றான். துவாரகா கைபேசியில் படம் பிடித்தாள். எங்கள் குளிர்பெட்டிக்கு முன்னால் நின்று துர்க்கா தான் விலகுவதை நிதானமாகச் சொன்னாள். டெறிக் ஒரு சொல்லும் பேசாமல் பக்கத்தில் நின்றான். அவனை நான் அப்படிப் பார்த்தது அதுதான் முதல்முறை. போகும்போது அவளை நெடுநேரம் கட்டிப்பிடித்தான். அந்த வீடியோவின் கீழும் பாதிப்பேர் 'சரி, சரி, பிறகு சந்திப்போம்' என்றுதான் எழுதினார்கள். துர்க்கா வாசித்துவிட்டு, "என்னவாவது செய்யட்டும்" என்று கைபேசியை மேசையில் எறிந்தாள்.

அடுத்த கோடையில் டிரைவ்வே கிங்ஸ் அவளில்லாமல் பயணம் போனது. ரொச்செஸ்ரரைச் சேர்ந்த ஜூலி என்ற பெண் பேஸ் வாசித்தாள். முதல் நிகழ்ச்சி நாளன்று துர்க்கா வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்தாள். துவைத்த உடுப்பை மறுபடி மடித்தாள். "போயிருக்கலாமோ?" என்று கேட்டேன். "இல்லை," என்றாள். "ஆனா நான் இல்லாம அவங்களால ஏலும் எண்டு தெரியிறதும் ஒரு மாதிரித்தான் இருக்கு."

இப்போது என் நிலைமையைச் சொல்கிறேன். துர்க்கா வேலை செய்யும் இடத்தில் வரவேற்பில் இருக்கும் ரதி, பள்ளிக்கூடக் காலத்தில் டிறம்ஸ் வாசித்தவளாம். செப்ரெம்பரில் ஒரு புதன்கிழமை டிறம்ஸைக் கொண்டுவந்து எங்கள் கராஜில் இறக்கினாள். அதன்பிறகு கார் பனியில் நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் மணியடிக்கிறார். நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

"ஓய்வு எண்டு சொன்னீரே?" என்று கேட்டேன்.

"டெறிக்கிட்ட இருந்து," என்றாள் துர்க்கா. "வாசிக்கிறதில இருந்து எண்டு எப்ப சொன்னனான்?"

போன சனிக்கிழமை பின்னேரம் ஸ்ரௌவ்வில்லில் ஒரு சிறிய மண்டபத்தில் அவர்களுடைய முதல் நிகழ்ச்சி. கதிரைகளில் பாதி வெறுமை. துர்க்கா முதல்முறையாகத் தானே பாடினாள். இரண்டாவது பாட்டில் வரி மறந்து நின்று, சிரித்து, திரும்பத் தொடங்கினாள். அவள் இவ்வளவு சந்தோசமாக மேடையில் நின்று நான் பார்த்ததில்லை. முடிந்ததும் ஒலிபெருக்கிப் பெட்டியைத் தூக்கச் சொன்னாள். பிசாசுப் பாரம். படியால் இறக்கும்போது என் இடுப்பு பிடித்துக்கொண்டது.

"கவனம், அதைப் போட்டிடாதேங்கோ," என்று பின்னாலிருந்து கத்தினாள். "வாற மாசமும் வேணும்."