இரண்டு டயர் போதும்

பலாபத்வலையில் ஜுனைதீன் நானா ஒரு வாகனத்தைப் பார்த்து "முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டால், அதற்கு மேல் மாத்தளைக்குக் கொண்டுபோய் இன்னொருவரிடம் காட்டும் வழக்கம் யாருக்கும் இல்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு; இல்லை என்று சொன்னால் பொய். கராஜ் வாசலில் எந்நேரமும் நாலு பேர் நிற்பார்கள். அவர்களில் பாதிப் பேருக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. நானா தீர்ப்புச் சொல்வதைக் கேட்கத்தான் வருகிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை அந்தத் தீர்ப்பு ஜோசபீன் டீச்சரின் காருக்கு விழுந்தது. இருபத்து மூன்று வயதான ஜப்பான் கார். தானாகவே கியர் மாறும், முன் பின் என்று நாலு சில்லும் சேர்ந்து இழுக்கும். அந்தக் காரை நம்பித்தான் டீச்சர் இரத்தோட்டையிலிருந்து மலை ஏறி, அந்தப் பக்கம் பல்லேகமவுக்கு இறங்கி, அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பிக்கிறார். பஸ்ஸில் போனால் மூன்றாம் பாடத்துக்குத்தான் போய்ச் சேரலாம். கொஞ்ச நாளாக வளைவுகளில் கார் பிரேக் பிடித்ததுபோல் இறுகிக் குலுங்கியது. நானா காரை முற்றத்தில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தார். கியர் ஒயில் குச்சியை உருவி மோந்து பார்த்தார். கருகிய வாடை.

"கியர் பொக்ஸ் முடிஞ்சுது டீச்சர். வித்துருங்க" என்றார். நாலு பேரும் தலையாட்டினார்கள்.

இன்றைக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு ஹுஸ்னி லொறியோடு வருவதாக ஏற்பாடு. பழைய வாகனங்களைக் கழற்றிப் பாகம் பாகமாக விற்பவர் அவர். கார் போய்விட்டால் டீச்சர் பல்லேகமவை விட்டுவிட வேண்டியதுதான். இன்னொரு கார் வாங்குவதெல்லாம் இந்தக் காலத்தில் நடக்கிற காரியமா?

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தபோது கராஜில் யாரும் இல்லை. லொறிக்கு வசதியாக இருக்கட்டும் என்று நானா காரை வாசலுக்கு எடுத்தார். நேராகப் பின்னால் வரும்போது வெண்ணெயாக வந்தது. படலை அருகே திருப்பியபோதுதான் இறுகியது. அவர் காரை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பொக்ஸ் செத்திருந்தால் நேராகப் போகும்போதும் செத்துத்தானே இருக்க வேண்டும்?

பெரிய ரோட்டில் ஏறி நாலந்தா பக்கமாக ஓட்டிப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் மாறின. திரும்பி வந்து பொனட்டைத் திறந்தார். இந்த வகைக் காரில் ஒரு பியூஸுக்கான இடம் காலியாக இருக்கும். அதில் ஒன்றைச் செருகினால் பின் சில்லுகள் விடுபட்டு, முன் இரண்டும் மட்டும் இழுக்கும். இது அவருக்குப் பதினைந்து வருஷமாகத் தெரியும். தெரிந்தும் அன்றைக்குக் கை அந்தப் பக்கம் போகவில்லை. கருகிய வாடையும் நாலு பேரின் முகமும் போதுமாக இருந்துவிட்டது.

பியூஸைச் செருகி, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து முற்றத்தைச் சுற்றினார். குலுக்கம் இல்லை, இறுக்கம் இல்லை. "அல்ஹம்துலில்லாஹ்!" என்று வாய்விட்டே சொன்னார். உடனே ஹுஸ்னிக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்றார்.

அந்தச் சந்தோஷம் ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம் இருந்தது. பொக்ஸ் நல்லது, சரி. அப்படியானால் ஏன் இறுகுகிறது? சாக்குத் தைக்கும் நூலை எடுத்து ஒவ்வொரு டயரையும் சுற்றி அளந்தார். முன் டயர்களின் நூல், பின் டயர்களின் நூலைவிட இரண்டு விரல் நீளம். தேய்ந்த டயர் சின்னது, அதனால் கூடுதலாகச் சுற்றும். கார் அதைப் பார்த்துப் பின் சில்லு வழுக்குகிறது என்று நினைத்து, முன்னையும் பின்னையும் சேர்த்துப் பூட்டும். நேர் ரோட்டில் பொக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகள் தேய்ந்து தேய்ந்து சமாளிக்கும். ஒயில் கருகுவதும் அதனால்தான். வளைவில் சமாளிக்க முடியாமல் முறுகும்.

முன்னுக்கு இரண்டு புது டயர் போட்டது யார்? மே மாதம், இதே முற்றத்தில், அவரேதான். டீச்சர் நாலு கேட்டார். "எதுக்கு டீச்சர் வீண் செலவு? ரெண்டு போதும்" என்று நல்லெண்ணத்தில்தான் சொன்னார். டீச்சர் காரின் புத்தகத்தை விரித்து, நாலையும் ஒன்றாக மாற்றச் சொல்லியிருக்கிறதே என்று காட்டினார். "புத்தகம் எழுதுறவன்தான் டயரும் விக்கிறான் டீச்சர்!" என்றார் நானா. வாசலில் ஒரே சிரிப்பு. டீச்சரும் சேர்ந்து சிரித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

நானா நூலைச் சுருட்டி வைத்தார். 'ஒரு வயர் லூஸ் டீச்சர், சரி பண்ணிட்டேன்' என்று சொன்னால் போதும். பின் டயர்களைப் பிறகு ஏதாவது சாட்டுச் சொல்லி மாற்றிவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த வாக்கியத்தை மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்தார். தடங்கல் இல்லாமல் வந்தது. அது அவ்வளவு லேசாக வந்ததில் அவருக்கே பயமாகப் போய்விட்டது.

டீச்சர் குடையும் கையில் ஒரு பைலுமாக பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார்.

"ஹுஸ்னி இன்னும் வரலியா நானா?"

"வர வேணாம்னுட்டேன். கார் முடியல்ல டீச்சர். நான்தான் பிழையாச் சொல்லிட்டேன். பிழை டயர்லதான். ரெண்டு போதும்னு சொன்னதும் நான்தான். பின்னுக்கும் அதே டயர் போட்டு, ஒயில மாத்தித் தாறேன். எல்லாம் என் பொறுப்பு. திங்கக்கிழமை நீங்க மலை ஏறலாம், இன்ஷா அல்லாஹ்."

டீச்சர் மர வாங்கில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"டயராத்தான் இருக்கும்னு நானும் நெனச்சேன் நானா. டயர் வேற வேற அளவுன்னா வளைவுல இறுகும்னு அந்தப் புத்தகத்துலயே எழுதிருக்கு."

"அப்ப ஏன் போன கிழமை சொல்லல்ல?"

"சொன்னா சிரிப்பீங்க."

"ஒரு சிரிப்புக்காகவா காரையே விக்கப் பாத்தீங்க?"

"அந்த நேரம் அப்படித்தான் இருந்திச்சு நானா." அவர் குரலில் கோபம் இல்லை. பைலிலிருந்து இடமாற்ற விண்ணப்பத்தை எடுத்து, நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டார். "நாளைக்குப் பின்னேரம் வந்து எடுக்கலாமா?"

"எடுக்கலாம் டீச்சர்."

டீச்சரின் பஸ் போன பிறகும் நானா எழும்பவில்லை. இத்தனை வருஷமும் தன் முன்னால் யாரும் மறுத்துப் பேசாததை மரியாதை என்றே நினைத்திருந்தார். போன வருஷம் மாரிமுத்துவின் வேனுக்கும் இப்படித்தான் ஒரே பேச்சில் "முடிஞ்சுது" என்று சொன்னார். தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றிப் போன வேன் அது. மாரிமுத்துவும் பேசாமல்தான் கேட்டுக்கொண்டு போனார். அந்த மாதமே அதை விற்றுவிட்டு இப்போது கூலிக்கு லொறி ஓட்டுகிறார்.

நானா போனை எடுத்தார்.

"மாரிமுத்து, ஜுனைதீன் பேசுறேன். அன்னைக்கு வேன் விஷயமா என்கிட்ட ஏதும் சொல்ல நெனச்சீங்களா?"

அந்தப் பக்கம் லொறி எஞ்சின் நிற்கும் சத்தம் கேட்டது.

"அத இப்ப ஏன் நானா கேக்குறீங்க?" என்றார் மாரிமுத்து.