புனிதர்கள் தீர்ந்துபோன கடல்

செபுவிலிருந்து காமோத்தெஸ் தீவுக்குப் போகும் வழியில் படகின் என்ஜின் நின்றது. பனைமரத்தைவிட உயரமாக ஓர் அலை எழுந்து, படகின் இடதுபக்க மிதவைக் கட்டையை முறித்துக்கொண்டு போயிற்று. சரி, தென்னை உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைக்கமாட்டேன்.

காற்று கரைப்பக்கம்தான் தள்ளுகிறது, அதுவரை மிதந்தால் போதும் என்றான் படகோட்டி இசோய். ஆனால் அவனும் நானும் மட்டுமே தண்ணீரை இறைத்தோம். மற்றவர்கள் கைகூப்பி ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் தொடைக்கு வந்த தண்ணீர், குள்ளமான என் மனைவி சியோனிங்குக்கு இடுப்பில் இருந்தது. அவளுக்கு நீச்சல் தெரியாது.

கும்பிட்ட கையால் அள்ளுங்கள் என்று கத்தினேன். செபுவில் கடவுள் மறுப்பாளர் சங்கத்துக்கு, தெரியோ என்கிற நான்தான் தலைவன். நாலு பேர் சங்கம். வெளியே நானூறு என்போம். இல்லாதவரிடம் கெஞ்சுவதுகூடப் பரவாயில்லை. இரண்டு கைகளையும் அதற்கே கொடுத்துவிடுகிறார்களே, அதுதான் என் வழக்கு.

மீன்காரி உர்சுலா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "தெரியோ அண்ணே, உங்கள ஏத்துனதுக்குத்தான் கடல் இந்த ஆட்டம் ஆடுது. தூக்கிப் போட்டா பாரமும் கொறையும், பாவமும் கொறையும்."

சிலர் என்னை எடைபோடுவதுபோல் பார்த்தார்கள்.

சிறுவயதில் நான் பூசைக்கு உதவும் பீடச்சிறுவன். கடவுள் போய்விட்டார், புனிதர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடும் மன்றாட்டுமாலை மட்டும் நாக்கிலேயே தங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் கோயில் குரலை எடுத்தேன். "புனித மிக்கேலே" என்று நீட்டியபடி வாளியை முக்கினேன். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று அவர்கள் முடிக்கும்போது கொட்டினேன். முதலில் சியோனிங் சோற்றுச்சட்டியைத் தூக்கினாள். அப்புறம் உர்சுலாவின் மீன்சட்டி, தொப்பி, செருப்பு. பெயருக்கு ஓர் அள்ளு, பதிலுக்கு ஒரு வீச்சு.

தண்ணீர் ஏறுவது நின்றது. அதற்குள் புனிதர்கள் தீர்ந்துபோனார்கள். மூச்சுவிட நிறுத்தினேன், எல்லாக் கைகளும் நின்றன. தண்ணீர் சியோனிங்கின் மார்புக்கு ஏறியது.

"புனித பெலோங்கே" என்றேன். பெலோங் எங்கள் சங்கச் செயலாளன்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

பொருளாளன், கள்ளுக்கடைக்காரன், முடிவெட்டுகிறவன், பட்டறையில் என்னைப் படுத்திய மேலாளர் என்று எல்லாரையும் பீடத்தில் ஏற்றினேன். அவர்கள் யோக்கியதை முழுக்கத் தெரிந்த சியோனிங்தான் ஒவ்வொருவருக்கும் முதலில் பதில் சொன்னாள்.

குரல் கட்டிப்போயிற்று. எனக்குத் தெரிந்த மனிதர்களும் முடிந்துபோனார்கள்.

"நிறுத்தாதீங்க," என்றாள் சியோனிங். "எவன் பேரையாச்சும் சொல்லித் தொலைங்க."

"புனித சியோனிங்கே" என்றேன்.

படகே பதில் சொன்னது. அவள் மட்டும் வாய் திறக்காமல் சட்டியை வீசினாள். அதற்குமேல் எனக்கு வேறு பெயர் வரவில்லை. அடியில் மணல் உரசும்வரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.