திட்டுவதற்கு ஓர் ஆள்

சபாபதிக்குச் சர்க்கரை இல்லை என்று முந்தாநாள் ரிப்போர்ட் கொடுத்தவள் கனிமொழிதான். அது தப்பு என்று இன்று தெரிந்துவிட்டது. ரத்தம் எடுத்தது, ஆருத்ரா தரிசனக் கூட்டத்தில் சிதம்பரமே திணறிய காலையில். முதலில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்துவிட்டு, பெயர்ச்சீட்டைப் பிறகு ஒட்டினாள். எந்த லேபிலும் செய்யக்கூடாத காரியம். சபாபதியின் சர்க்கரை பொன்னுரங்கம் என்பவர் தலையில் விழுந்தது. அவர் சண்டைக்கு வந்து, மறுபடி சோதித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"மெஷின் ரிப்பேருன்னு சொல்லி சபாபதியயும் திரும்ப வரச் சொல்லு. மேடத்துக்குத் தெரிஞ்சா வேல போயிடும்," என்றான் கூட வேலை பார்க்கும் இளவரசு.

கனிமொழிக்கும் சபலம்தான். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. கடலூரில் அவள் முன்பு வேலை பார்த்த லேபின் முதலாளி இந்த மாதிரிப் பொய்யையெல்லாம் சிரித்த முகத்தோடு சொல்லிக்கொடுப்பார். தங்கமான மனுஷர், ஒருநாளும் அதட்டியதில்லை. அங்கே ஒருத்தரும் உண்மை பேசியதுமில்லை.

இங்கே முதலாளி லோகநாயகி. வாயைத் திறந்தால் தெருமுனை வரை கேட்கும். ஆனால் போன மாதம் தானே ஒரு ரிப்போர்ட்டைக் கோட்டைவிட்டபோது, எல்லார் முன்னாலும் தன்னையும் அதே குரலில் திட்டிக்கொண்டவர். அதை நினைத்துத்தான் கனிமொழி உள்ளே போய்ச் சொல்லிவிட்டாள்.

"கண்ண பொடனியிலயா வச்சிருந்த?" என்று ஆரம்பித்த லோகநாயகி, திட்டிக்கொண்டே ஸ்கூட்டி சாவியை எடுத்தார். சபாபதியின் ஊரான கீரப்பாளையம் வரை திட்டு ஓயவில்லை. பின்னால் உட்கார்ந்து வந்தவளுக்கு வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று புரியவில்லை.

சபாபதி கையில் ஜாங்கிரி டப்பா. "வாங்க வாங்க! சர்க்கர இல்லன்னு ஆயிடுச்சில்ல, எடுத்துக்குங்க."

லோகநாயகி டப்பாவை வாங்கி மூடினார். "ஐயா, ரிப்போர்ட் மாறிடுச்சி. ஒங்களுக்குச் சர்க்கர ரொம்ப ஜாஸ்தி. தப்பு எங்களுது, மன்னிச்சிக்குங்க. இப்பவே டாக்டர்கிட்ட போவலாம்."

சபாபதியின் முகம் செத்துவிட்டது. "மாத்துனது யாரு? இந்தப் பொண்ணா?"

"லேபு என்னுது. அவ்ளோ கூட்டத்துக்கு ஒத்த ஆள உக்கார வச்சதும் நான்தான். கேக்கறத என்னக் கேளுங்க."

சபாபதி நன்றாகவே கேட்டார். அத்தனை வாய் படைத்த மனுஷி, தலை குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். கனிமொழிக்குத்தான் பொறுக்கவில்லை.

"நான்தாங்க மாத்துனேன். அவுங்கள ஒண்ணும் சொல்லாதீங்க," என்று முன்னால் வந்து நின்றாள்.

சபாபதி அவள் பக்கம் திரும்பித் திட்ட வாயெடுத்தார். லோகநாயகி குறுக்கே கையை நீட்டினார்.

"இவளத் திட்டறதுக்கு நான் இருக்கேன். நாளைக்கும் திட்டுவேன். நீங்க சட்டைய மாட்டிகிட்டுக் கெளம்புங்க."