மில்லர் சாலை, வடக்கா தெற்கா

கிளெண்டா ஹட்சின்ஸ் ஐம்பத்து நான்காவது வயதில் கல்லூரிக்குத் திரும்பியதற்குக் காரணம் அறிவுத் தாகம் அல்ல. மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த இரண்டு வரிச் சுற்றறிக்கை. அவசர அழைப்பு மையத்தின் மேற்பார்வையாளர் இனிமேல் பட்டதாரியாக இருக்க வேண்டும் என்றது அது. அந்த வேலையைப் பதவியும் பெயரும் இல்லாமல் அவள் பதினோரு வருடமாகச் செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு அடுத்த மேசை என்னுடையது. ஒஹாயோவின் இந்த மூலையில் பகல் நேரத்தில் யார் 911 அவசர எண்ணை அழைத்தாலும், பெரும்பாலும் எங்கள் இருவரில் ஒருவர் காதில்தான் விழும்.

சுற்றறிக்கையை மடித்துக் காப்பிக் கோப்பைக்கு அடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"டுவேன், நீ காலேஜுக்கு எத்தனை வருஷம் போன?"

"ஒன்றரை."

"நான் ரெண்டரை. ரெண்டையும் சேர்த்தா நாலு வருஷம், ஒரு டிகிரி. கொடுப்பாங்களான்னு கேளு."

கேட்டேன். கொடுக்க மாட்டார்களாம். ஆனால் வேலை பார்ப்பவர்கள் விட்ட இடத்திலிருந்து படிப்பை முடிக்க ஒரு திட்டம் இருக்கிறது, சனிக்கிழமை காலை வகுப்பு என்றார்கள். இருவரும் சேர்ந்தோம்.

பழைய மதிப்பெண் பட்டியலைக் கல்லூரிக்காரர்கள் ஒன்றரை மாதம் ஆராய்ந்தார்கள். முப்பத்து நான்கு வருடத்துக்கு முன்னால் கிளெண்டா தேறியிருந்த வேதியியலை ஏற்கவில்லை. வேதியியல் நிறைய மாறிவிட்டதாம். அதே வருடம் அவள் படித்த ஜோடி நடனத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

வேலை அனுபவத்துக்கும் கிரெடிட், அதாவது பட்டத்துக்குச் சேரும் புள்ளி, உண்டு என்று போட்டிருந்தது. 'நெருக்கடி நேரத்தில் பேசுவது எப்படி' என்ற பாடத்திலிருந்து விலக்குக் கேட்டாள். இருபத்து மூன்று வருடமாக அவள் செய்வது அதுதான். மேற்பார்வையாளரிடமிருந்து கடிதம் வேண்டும் என்றார்கள். எங்கள் மையத்தில் மேற்பார்வையாளர் என்று யாரும் இல்லை, அந்த வேலையையும் தானே பார்ப்பதாக எழுதினாள். தனக்குத் தானே கொடுக்கும் கடிதம் செல்லாது என்று பதில் வந்தது. அந்தப் பாடத்திலும் உட்கார்ந்தோம்.

ஆசிரியர் எலியட் ஃபென்விக்குக்கு முப்பத்தொரு வயது. நல்ல மனிதர். எல்லோருடைய பெயரையும் முதல் நாளே மனப்பாடம் செய்தார். யார் எதைச் சொன்னாலும், "அதைக் கொஞ்சம் விரிச்சுச் சொல்ல முடியுமா?" என்பார். வகுப்பில் பதினான்கு பேர். வீடு விற்பவர், பல் மருத்துவமனை வரவேற்பாளர், டயர் ஆலைக்காரர்கள் இரண்டு பேர். எல்லோருக்கும் சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ஒரே முகம்தான் இருந்தது.

ஐந்தாவது வாரம் பாடப்புத்தகத்தின் ஏழாம் பாடம் வந்தது. அதில் ஓர் அழைப்பின் எழுத்து வடிவம் அச்சாகியிருந்தது. பெயர்களும் ஊரும் நீக்கப்பட்டிருந்தன. எங்கள் மாநிலத்தில் அழைப்புப் பதிவுகளை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டும். யாரோ கேட்டு வாங்கியிருக்கிறார்கள். ஒரு பெண் அழைக்கிறாள். கணவர் கார் கொட்டகையில் விழுந்து கிடக்கிறார், எழுந்திருக்கவில்லை என்கிறாள். மில்லர் சாலை என்கிறாள். வடக்கா, தெற்கா என்று கேட்கிறாள் அழைப்பை எடுத்தவள். சர்ச்சுக்குப் பக்கத்தில் என்று பதில். மறுபடியும் வடக்கா, தெற்கா. அந்தப் பெண் அழுகிறாள். மூன்றாவது முறையும் வடக்கா, தெற்கா.

கீழே பெட்டிக்குள் நூலாசிரியரின் கருத்து. அழைப்பை எடுத்தவர் ஒரே கேள்வியை இயந்திரம்போல மூன்று தடவை கேட்டு மதிப்புள்ள நேரத்தை வீணாக்கினார். ஆறுதலான ஒரே இடம் இறுதியில், "அவரு நல்லாயிடுவாரும்மா" என்று அவர் சொன்னது. இங்குதான் உண்மையான பரிவு வெளிப்படுகிறது.

'அழைப்பை எடுத்தவரின் தவறுகளை மூன்று பக்கத்துக்கு மிகாமல் எழுதுக' என்பது வீட்டுப்பாடம்.

இடைவேளையில் கிளெண்டா சோடா இயந்திரத்துக்கு முன்னால் நின்றாள். காசு போட்டுவிட்டுப் பொத்தானை அமுக்காமல் நின்றாள்.

"என்னாச்சு?" என்றேன்.

"அது நான்தான்."

"எது?"

"ஏழாம் பாடம்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் நடந்தது அது. பிப்ரவரி மாதம், மத்தியானம், முழங்கால் அளவு பனி. எங்கள் மாவட்டத்தில் வடக்கு மில்லர் சாலையும் தெற்கு மில்லர் சாலையும் இருபது மைல் இடைவெளியில் இருக்கின்றன. இரண்டிலும் சர்ச் உண்டு. மூன்றாவது தடவை கேட்டபோதுதான் அந்த அம்மா தெற்கு என்றாள். ஆம்புலன்ஸ் சரியான வீட்டுக்குத்தான் போனது. ஆனால் அவர் பிழைக்கவில்லை.

"போய் ஃபென்விக்கிட்ட சொல்லு," என்றேன். "புத்தகம் எழுதினவனுக்கு நம்ம ஊரே தெரியாது. கேட்டது சரிதானே!"

"கேட்டது சரிதான்."

"அப்புறம் என்ன?"

"நல்லாயிடுவாருன்னு சொன்னது தப்பு. அதைப் போய்ப் பாராட்டியிருக்கான்." பொத்தானை அமுக்கினாள். வேறு சோடா வந்து விழுந்தது. அதையே திறந்து குடித்தாள். "விடு டுவேன். எனக்கு இப்போ மூணு கிரெடிட் வேணும். நியாயம் அப்புறம் பாத்துக்கலாம்."

ஆனால் விடவில்லை. வீட்டுப்பாடத்தில் தன்னை 'அவர்' என்று குறிப்பிட்டு மூன்று பக்கம் எழுதினாள். ஒரு மாவட்டத்தில் ஒரே பெயரில் இரண்டு சாலைகள் இருக்கக்கூடும், ஆகவே கேள்வி தேவையானது, வாக்குறுதிதான் தவறு என்று வாதாடினாள். நூற்றுக்கு எழுபத்தெட்டு வந்தது. ஓரத்தில் ஃபென்விக் பச்சை மையில் எழுதியிருந்தார்: 'நல்ல முயற்சி. ஆனால் அழைப்பை எடுத்தவர் மனதில் என்ன இருந்தது என்று நீங்களாக ஊகிக்கிறீர்கள். ஆதாரம் எங்கே?'

அவள் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, "கையெழுத்து அழகா இருக்கு," என்றாள்.

அடுத்த வாரம் ஃபென்விக் அந்த அழைப்பை நடித்துப் பார்க்கலாம் என்றார். அழைப்பை எடுப்பவராக வீடு விற்கும் ப்ரெண்ட்டைப் போட்டார். அழைக்கும் பெண்ணாக, வேறு யார், கிளெண்டாவை. நான் கை தூக்கினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கை தானாக இறங்கிவிட்டது.

இருவரும் முதுகுக்கு முதுகு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கிளெண்டா தாளைப் பார்க்கவே இல்லை. ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள். அந்தக் குரலை நான் அவளிடம் அதற்கு முன்னால் கேட்டதில்லை. டயர் ஆலைக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ப்ரெண்ட் வீடு விற்கிற குரலில், "கவலைப்படாதீங்கம்மா, அவரு நல்லாயிடுவாரு," என்று முடித்தான்.

"அருமை," என்றார் ஃபென்விக். "அந்தக் கனிவைக் கவனிச்சீங்களா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் கிளெண்டா.

ப்ரெண்ட் தாளைப் புரட்டினான். "இது இதுல இல்லையே."

"நல்லாயிடுவாருன்னு சொன்னீங்களே. எப்படித் தெரியும்?"

ப்ரெண்ட் ஃபென்விக்கைப் பார்த்தான். ஃபென்விக் பழக்க தோஷத்தில், "கிளெண்டா, அதைக் கொஞ்சம் விரிச்சுச் சொல்ல முடியுமா?" என்றார்.

அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். குரல் பழையபடி ஆகியிருந்தது. வானிலை அறிக்கை படிப்பதுபோலச் சொன்னாள்.

"அந்தம்மா அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி கூப்பிட்டாங்க. அவசர நம்பர்ல இல்ல, ஆபீஸ் நம்பர்ல. என்னைத்தான் கேட்டாங்க. கோபமே இல்ல. 'நல்லாயிடுவாருன்னு சொன்னீங்களே, அதனால நான் அவர் பக்கத்துல உக்காராம ஆம்புலன்ஸுக்கு வழிவிட வாசல்ல பனி தள்ளப் போயிட்டேன்'னாங்க. நாலு செவ்வாய்க்கிழமை கூப்பிட்டாங்க. அஞ்சாவது வாரம் கூப்பிடல."

ஃபென்விக் எழுபத்தெட்டை நினைத்திருக்க வேண்டும். காது மடல் வரை சிவந்துபோனார்.

"அப்போ என்ன சொல்லியிருக்கணும்?" என்று கடைசியில் கேட்டார். ஆசிரியராகக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

"'ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு, நான் லைன்லயே இருக்கேன், நீங்க அவர் கையைப் பிடிச்சுக்கோங்க.' அவ்ளோதான். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு."

வகுப்பு இருபது நிமிடம் முன்னதாக முடிந்தது. காருக்கு வந்ததும் கிளெண்டா ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அழுதாள். நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வாகன நிறுத்தக் கட்டணப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தேன். அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்தாள்.

"இதை நான் வெயினுக்குக்கூடச் சொன்னதில்ல," என்றாள். வெயின் அவள் கணவர். "முன்னப் பின்னத் தெரியாத டயர்க்காரங்ககிட்ட சொல்லியிருக்கேன்."

"அவங்க நல்லவங்க."

"பசிக்குது," என்றாள்.

ஃபென்விக் தாளைத் திரும்ப வாங்கித் திருத்தினார். தொண்ணூற்று மூன்று. ஏழு மதிப்பெண் எங்கே போனது என்று கேட்டேன். ஓரத்தில் விட வேண்டிய இடத்தைச் சரியாக விடவில்லையாம். கிளெண்டாவுக்கு அது பிடித்திருந்தது. பரிதாபப்பட்டு நூறு போட்டிருந்தால் அந்த ஆளை மதித்திருக்க மாட்டேன் என்றாள். ஃபென்விக் பதிப்பகத்துக்கும் நீளமாக ஒரு கடிதம் எழுதினார். அவர்கள் நன்றி தெரிவித்து, அடுத்த பதிப்புக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி கூப்பன் அனுப்பினார்கள்.

மே மாதம் கல்லூரி உடற்பயிற்சிக் கூடத்தில் பட்டமளிப்பு. எனக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி இருந்ததால் பார்வையாளர் பகுதியில், வெயினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பெயரை வாசித்ததும் வெயின் கால்பந்தாட்டத்துக்குக் கொண்டுபோகும் ஊதலை எடுத்து ஊதினார். காவலர் வந்து மரியாதையாக அவரை வெளியே கூட்டிப்போனார். மேடையில் கிளெண்டா அதைப் பார்த்துச் சிரித்ததை நான் பார்த்தேன். அவளுடைய பட்டமளிப்புத் தொப்பி சரிந்து ஒரு கண்ணை மறைத்திருந்தது.

ஜூனில் பதவி வந்தது. அதே மேசை, அதே நாற்காலி. முதல் திங்கட்கிழமை காலை அவள் உட்கார்ந்ததும் கேட்டேன்:

"மேற்பார்வையாளர் அம்மா, சந்தோஷமா?"

"முதுகு வலிக்குது," என்றாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். "ஆமா. சந்தோஷம்தான்."