பெட்டிக்குள் இருந்த பெயர்

வருஷத்தில் மூன்று நாள் மட்டும் தோரிபியோ பெரிய மனிதர். மற்ற நாளெல்லாம் சந்தைத் தொழுவத்தில் மாடுகளை எடைமேடைக்கு ஓட்டுகிற வேலைதான். மார்ச் மாதம் மாட்டுத் திருவிழா வந்துவிட்டால், நாற்பதடி நீளத்துக்குக் கனன்று கிடக்கும் நெருப்புக்கு அவர்தான் அதிகாரி. இருபத்தாறு வருஷமாக அவர் சுட்ட மாட்டுக்கறியைத்தான் சான்டா எவுலாலியா ஊரே தின்றது. உருகுவேயின் வடக்குக் கோடியில் இருக்கிற எங்கள் ஊரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் பொறுத்துக்கொள்வோம். எங்கள் மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேச விடமாட்டோம்.

எல்லை தாண்டினால் பிரேசில். மகன் வில்மர் அங்கிருந்துதான் பெண் எடுத்தான். மருமகள் ஜுரேமா வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, மாட்டு விலா எலும்பைப் பதமாக வேகவைத்து மேஜையில் கொண்டுவந்து வைத்து, தன் ஊர்ப் பேச்சில் அதன் பேரைச் சொன்னாள்.

"கோஸ்தேலா செஞ்சிருக்கேன் மாமா. சாப்பிட்டுப் பாருங்க."

தோரிபியோ தட்டைத் தள்ளினார். "இந்த ஊருல அதுக்குப் பேரு அசாதோ. கோஸ்தேலாங்கிறது உங்க ஊருத் திமில் மாட்டுக்கு. அதை எங்க நாய்கூட மோந்து பாத்துட்டுப் போயிடும்."

அன்று ஜுரேமாவும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் யார் விருந்துக்கு வந்தாலும் அவர் அதையே சொன்னார். எட்டு வருஷம் சொன்னார். அவள் முதலில் சிரிப்பதை நிறுத்தினாள்; பிறகு அவர் தங்கள் வீட்டுக்கு வருகிற நாளில் மாட்டிறைச்சி சமைப்பதையும் நிறுத்திவிட்டாள். அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

இந்த வருஷத் திருவிழாவில் கறிப் பெட்டிகளைப் பிரித்துக் கொடுக்கிற ஆட்கள் இரண்டு பேரும் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். எப்போதும் கம்பியில் ஏறிய கறியைத்தான் தோரிபியோ பார்ப்பார். முதன்முறையாக அவரே கத்தியை எடுத்துக்கொண்டு குளிர்வண்டிக்குள் ஏறினார். பெட்டிகளின் மேல் திருவிழாக் கமிட்டியின் காகிதம் ஒட்டியிருந்தது: 'சான்டா எவுலாலியாவின் பெருமை.' பிரித்தார். உள்ளே பிளாஸ்டிக் உறையில் கொட்டை எழுத்தில் 'கோஸ்தேலா' என்று அச்சிட்டிருந்தது. அதன் கீழே எல்லைக்கு அந்தப் பக்கத்து அறுப்புக்கூடத்தின் முத்திரை. இன்னொரு பெட்டியைப் பிரித்தார். அதிலும் அதுதான்.

உறையைக் கையில் பிடித்தபடி கமிட்டித் தலைவர் எவரிஸ்தோவிடம் போனார். ஊரிலேயே பெரிய பண்ணை அவருடையது. வில்மர் அங்கேதான் மேஸ்திரி.

"இது என்னங்க பண்ணையாரே?"

எவரிஸ்தோ உறையைப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "கறி. வேற என்ன?"

"நம்ம மாடு எங்க?"

"கப்பல்ல போகுது. நம்ம மாட்டுக்கு வெளிநாட்டுல என்ன விலைன்னு தெரியுமா உனக்கு? அதை அறுத்து இவனுங்களுக்கு ஓசியில போடச் சொல்றியா? போ, நெருப்பு அணையப் போகுது."

தோரிபியோ போனார். சுடவும் சுட்டார். கைக்குத் தெரிந்த வேலை, கை பாட்டுக்குச் செய்தது. மத்தியானம் தலைநகரிலிருந்து வந்த விருந்தாளி ஒருவர் விரலை நக்கிக்கொண்டே, "இந்த ஊருப் புல்லோட வாசனை கறியிலேயே இருக்கு பாருங்க!" என்று மைக்கில் சொன்னார். கூட்டம் கைதட்டியது. இருபத்தாறு வருஷச் சேவைக்காகத் தோரிபியோவை மேடைக்கு அழைத்துப் பித்தளைத் தகடு ஒன்றைக் கொடுத்தார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"நீங்க தின்னது நம்ம மாடில்ல," என்றார். "பிரேசில் மாடு. உறையில கோஸ்தேலான்னு போட்டிருக்கு. நான்தான் பிரிச்சேன்."

முதலில் சிரித்தார்கள். அவர் உறையைத் தூக்கிக் காட்டியதும் சிரிப்பு நின்றது. "கிழவனுக்கு வெயில் மண்டையில ஏறிடுச்சு!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "இறக்குங்கய்யா அந்த ஆளை!" என்றான் இன்னொருவன். யாரோ கைகாட்ட, பாண்டு வாத்தியம் ஆரம்பித்துவிட்டது.

வில்மரின் வேலை அந்த வாரமே போயிற்று. ஊரில் வேறு யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஜுரேமாவின் அண்ணன் எல்லைக்கு அந்தப் பக்கத்தில் அவனுக்கு வேலை பார்த்துவைத்தார். கிளம்புகிற அன்று வில்மர் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தான். தோரிபியோ மருமகளிடம் போனார்.

"உங்க ஊருக் கறியைத்தாம்மா எல்லாரும் நாக்கைச் சப்புக்கொட்டித் தின்னானுங்க. அதை நான் எல்லார் முன்னாடியும் சொன்னேனே."

"எனக்காகவா சொன்னீங்க மாமா?" ஜுரேமாவின் குரல் உயரவே இல்லை. "எங்க ஊருக் கறியை உங்க கையால சுட வச்சுட்டாங்களேன்னு சொன்னீங்க. திருட்டுப் பொருளைக் காட்டுற மாதிரி அந்த உறையைத் தூக்கிக் காட்டினீங்க. நானும் கூட்டத்துலதான் நின்னேன்."

அவள் வண்டியில் ஏறிக்கொண்டாள். வண்டி போய்விட்டது.

பத்து நாள் கழித்து லிபோரியோவின் கறிக்கடைக்குப் போனார். கடையில் வேறு யாரும் இல்லை. லிபோரியோ கத்தியைத் துடைத்தபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "உனக்கு ஏம்ப்பா இந்த வேலை? இத்தனை வருஷம் சும்மா இருந்துட்டு?"

"இத்தனை வருஷமா? இந்த வருஷந்தானே..."

லிபோரியோவின் கை நின்றது. "பத்து வருஷமா அந்தப் பக்கத்துக் கறிதானே வருது, தோரிபியோ. கமிட்டிக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கறி பிரிக்கிற பசங்களுக்குத் தெரியும். பாதி ஊருக்குத் தெரியும். உனக்கும் தெரியும்னுதான் நாங்க நினைச்சோம். நீதானே சுட்டே? நீதானே முதல் துண்டைத் தின்னு பாத்து, 'இதுதான்டா நம்ம மாடு'ம்பே?"

தோரிபியோ கல்லாப் பலகையில் காசை எடுத்து வைத்தார். "அரைக் கிலோ போடு," என்றார்.

"எதுல? நம்ம மாட்டுலயா, அந்தப் பக்கத்து மாட்டுலயா?"

"ஏதோ ஒண்ணுல."